சுங்கை சிப்புட்டில் இருந்து இணையத்தில் படம் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட், கோலகங்சார், சுற்றியுள்ள தோட்டங்கள் என்று எங்கே பார்த்தாலும் வரையத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். வரைந்ததை என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருப்பவர்கள்தான் அதில் பாதிப் பேர். அவர்கள் வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்பதை ஒரே இடத்தில் எழுதிவிட்டால் எனக்கும் விரல் வலி மிச்சம். கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை. பணம் கட்டுவதற்கு முன் அந்தந்த இடத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு விற்பது? கோலாலம்பூருக்குப் போனால்தானே மதிப்பு?

வாங்குகிறவர் கோலாலம்பூரில் இருக்கலாம், சரி. அவர் எங்கிருந்து அங்கே போனார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றபோது அவை துண்டு துண்டாகக் கைமாறின. நம் ஊர்க்காரரும் அன்றைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் 1960இல், தொழிலாளர்களே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியதே அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான். அதற்குப் பிறகு பால் மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்தது. செம்பனையும் போன இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று கிள்ளானிலும் ஷா ஆலாமிலும் ஜொகூர் பாருவிலும் சிங்கப்பூரிலும் மெல்பர்னிலும் இருக்கிறார்கள். கையில் சம்பளம் இருக்கிறது, சுவரில் இடம் இருக்கிறது. பிறந்த வீடுதான் இல்லை. அதைப் படம் எடுத்து வைத்தவர்களும் குறைவு, ஏனென்றால் அன்றைக்குத் தோட்டத்தில் கேமரா வைத்திருந்தவர் பெரும்பாலும் நிர்வாகியான துரையோ, அலுவலகத் தலைமை எழுத்தரான பெரிய கிராணியோதான்.

அந்தப் பிள்ளைகள்தான் உங்கள் வாடிக்கையாளர்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தை உங்களால் வரைய முடியும், அதைக் கோலாலம்பூர் ஓவியரால் வரைய முடியாது. அவருக்கு அது எப்படி இருக்கும் என்றே தெரியாது.

கண்காட்சிக் கூடங்கள் வழியாக வருவது வேறு பாதை. ஓவியர் ஜெ. அனுரேந்திரா போன்றவர்கள் மலேசிய இந்தியர் வாழ்க்கையை அந்தப் பாதையில் கொண்டுபோய்ப் பெரிய கூடங்களில் மாட்டியிருக்கிறார்கள். அந்த ஆசை இருந்தால் தாராளமாக முயலுங்கள். இரண்டு பாதையிலும் ஒரே ஆள் நடக்கலாம், தடையில்லை. இந்தப் பக்கம் இணையத்தில் நேராக விற்பதைப் பற்றி மட்டும் பேசுகிறது.

அப்படியானால் தோட்டத்துப் படம்தான் விற்குமா? எனக்குப் பூ வரையத்தான் பிடிக்கும்.

பூவே வரையுங்கள். ஆனால் ரோஜா வரைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். லயத்து வாசலில் பால் டின்னில் வளர்ந்த செம்பருத்தியை வரைந்தால் அது உங்கள் பூ.

தோட்டத்தை வரைவதென்றால் ஒரு எச்சரிக்கை. வாங்குகிறவர் அங்கே வாழ்ந்தவர். அவர் முதலில் பார்ப்பது உங்கள் வண்ணத்தை அல்ல, தப்பை. பால் மரத்தில் வெட்டு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சாய்ந்து இறங்கும். அதைத் திருப்பி வரைந்துவிட்டால், முப்பது வருஷம் பால் வெட்டிய பாட்டி ஒரே பார்வையில் சொல்லிவிடுவார், "இவன் மரத்தைப் பார்த்ததே இல்லை" என்று. கைப்பேசிச் செயலிகள் சில படத்தை இடவலமாகத் திருப்பிச் சேமித்துவிடும். அதைப் பார்த்து வரைந்தால் இந்தத் தப்பு தானாகவே நுழையும். பால் வடியும் மங்கு மரத்தில் எந்த உயரத்தில் தொங்கியது, தோளில் சுமக்கும் காண்டாக் கம்பில் வாளி எப்படி மாட்டியிருந்தது, லயத்துக் கூரை தகரமா வேறெதுவுமா, தண்ணீர்க் குழாய் வரிசைக்கு ஒன்றா வீட்டுக்கு ஒன்றா: இதையெல்லாம் வரைவதற்கு முன் ஊரில் இருக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கும் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

ஒரு காலத்தை வரைகிறீர்கள் என்றால் அந்தக் காலத்தையும் படியுங்கள். 1948 ஜூன் 16ஆம் தேதி இதே வட்டாரத்தில், எல்பில் தோட்டத்திலும் அருகிலும், மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்தது. ஐம்பதுகளின் தோட்டம் என்று வரைந்தால் அதில் முள்வேலி இருந்திருக்குமே என்று கேட்கிறவர் கண்டிப்பாக ஒருவர் இருப்பார்.

எங்கே கடை போடுவது? ஷாப்பியா, எட்சியா, முகநூலா?

ஷாப்பி, லசாடா போன்ற இணையச் சந்தைகளில் மக்கள் விலையை வைத்துத் தேடுகிறார்கள். உங்கள் கையால் வரைந்த படத்துக்குப் பக்கத்திலேயே 19 வெள்ளிக்கு (ரிங்கிட்) இயந்திரத்தில் அச்சடித்த கேன்வாஸ் நிற்கும். அசல் படத்துக்கு அது சரியான சந்தை அல்ல என்பது என் கருத்து. வாழ்த்து அட்டை, ஸ்டிக்கர், நாள்காட்டி போன்ற சின்னச் சின்னச் சாமான்களுக்கு நல்ல இடம். தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் நன்றாக ஓடும்.

எட்சி 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய கைவினைச் சந்தை. ஒவ்வொரு பொருளையும் பட்டியலிட 20 அமெரிக்கக் காசு, அது நான்கு மாதம் நிற்கும். விற்றால் 6.5 விழுக்காடு பிடிப்பார்கள், பணம் கைமாறும் கட்டணம் அதற்கு மேல். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களுக்கு அங்கே அட்டையால் பணம் கட்டுவது சுலபம். விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் தலைப்பில் தோட்டம், மலேசியா, ரப்பர் ஆகிய சொற்கள் கட்டாயம் வரவேண்டும். அந்தச் சொற்களைத் தேடி வருகிறவர்தான் உங்கள் ஆள்.

முகநூலை இளையவர்கள் கேலி செய்வார்கள். நம் வாடிக்கையாளருக்கு வயது 45க்கு மேல், அவர் இருப்பது முகநூலில்தான். பழைய தோட்டத்துக்காரர்களின் குழுக்களில், பழைய பள்ளி மாணவர் குழுக்களில் இருக்கிறார். அங்கே "விற்பனைக்கு" என்று போடாதீர்கள். தோட்டத்துக் குழந்தைக் காப்பகப் படத்தைப் போட்டு "இந்த ஆயாக் கொட்டகை யாருக்காவது நினைவிருக்கிறதா?" என்று கேளுங்கள். கீழே வரும் பதில்களில் பாதி கதை, பாதி விசாரணை. விசாரிப்பவருக்குத் தனியாக விலை அனுப்பலாம்.

எங்கே விற்றாலும், வாங்கியவரின் பெயர், தொடர்பு எண், வாங்கிய படம் மூன்றையும் அவர் அனுமதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தளம் நாளைக்கே உங்கள் கணக்கை முடக்கலாம், யாருக்கு எதைக் காட்டுவது என்ற கணக்கை மாற்றலாம். நோட்டு உங்கள் கையில் இருக்கும். ஒருமுறை வாங்கியவர் தங்கைக்கு, சம்பந்திக்கு, புதுமனை புகுவிழாவுக்கு என்று திரும்பவும் வருவார்.

விலை எப்படி வைப்பது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான். கேட்கிறவர்கள் அநேகமாக எல்லாருமே குறைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

ஏ3 அளவில் ஒரு நீர்வண்ண ஓவியம், 14 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். தாள், வண்ணம் 25 வெள்ளி. அட்டை, உறை, குழாய் 15 வெள்ளி. ஊரில் சொல்வது போல "ஒரு 60 வெள்ளிக்குக் கொடுத்துவிடலாம்" என்று கொடுத்தால், செலவு 40 போக மிஞ்சுவது 20. மணிக்கு ஒரு வெள்ளி 43 காசு. இந்த நாட்டில் 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. மணிக்குக் கணக்குப் பார்த்தால் 8 வெள்ளி 72 காசு. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்குச் சட்டம் கொடுக்கும் கூலியில் ஆறில் ஒரு பங்குக்கு நீங்கள் வேலை செய்திருக்கிறீர்கள்.

மணிக்கு 15 வெள்ளி என்று வைத்துப் பாருங்கள். 14 மணி நேரத்துக்கு 210. செலவு 40 சேர்த்தால் 250. தளமும் பணக் கட்டணமும் பத்து விழுக்காடு பிடிக்கும் என்றால் 250ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும், பத்து விழுக்காட்டைக் கூட்டினால் கணக்கு உதைக்கும். வருவது 278. 280 என்று போடுங்கள். தபால் கட்டணம் தனி.

தொடக்கத்தில் மெதுவாக வரைவீர்கள், அந்த நேரம் முழுவதையும் வாங்குபவர் தலையில் கட்ட முடியாது என்பதும் உண்மை. அதனால் பழகிய பிறகு எத்தனை மணி ஆகுமோ அதைக் கணக்கில் எடுங்கள். நாலைந்து படத்துக்குப் பிறகு அளவை வைத்தே விலைப் பட்டியல் போட்டுவிடலாம்: ஏ4 இவ்வளவு, ஏ3 இவ்வளவு, ஏ2 இவ்வளவு. ஒரே அளவுக்கு ஆளைப் பார்த்து வேறு வேறு விலை சொல்லாதீர்கள். நம் ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

"கேட்டு வாங்கவும்" என்று விலையை மறைப்பதும் எனக்குப் பிடிக்காது. கேட்கக் கூச்சப்பட்டே போய்விடுகிறவர்கள் நிறைய.

சொந்தக்காரர்கள் சும்மா கேட்கிறார்கள். எப்படி மறுப்பது?

மறுக்க வேண்டாம். விலைப் பட்டியலை அனுப்பிவிட்டு, "உங்களுக்கு என்பதால் தபால் செலவு இல்லை மாமா, நானே கொண்டுவந்து தருகிறேன்" என்று சொல்லுங்கள். பாதிப் பேர் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். மீதிப் பேர் வாங்குவார்கள். பெற்றவர்களுக்கும் கோயிலுக்கும் சும்மா கொடுப்பது உங்கள் மனசு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கோயில் திருவிழாப் பதாகையில் உங்கள் பெயரைச் சின்னதாகவாவது போடச் சொல்லுங்கள்.

இறந்துபோன அப்பா அம்மா படத்தை வரைந்து தரச் சொல்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளுங்கள். நம் மக்களிடையே இதற்குத்தான் நிலையான தேவை இருக்கிறது. அதே நேரத்தில் அதிகமாகச் சங்கடம் வருவதும் இதில்தான்.

கொடுக்கிற படம் பெரும்பாலும் அடையாள அட்டைப் படமாக இருக்கும், முறைத்த முகம், மேலே பிளாஸ்டிக் கீறல். இல்லையென்றால் தோட்டத்துக் கல்யாணக் கூட்டப் படம், அதில் முகம் அரிசி அளவு. அதை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். கூடப் பிறந்தவர்களின் படம் கேளுங்கள். பிள்ளைகளில் யாருக்கு அதே தாடை, யாருக்கு அதே மூக்கு என்று கேளுங்கள். பொட்டு எங்கே வைப்பார், திருநீறு பட்டையா கீற்றா, மூக்குத்தி எந்தப் பக்கம், கண்ணாடி போடுவாரா. வயது எத்தனையில் இருப்பது போல் வேண்டும் என்றும் கேட்டுவிடுங்கள். கடைசிக் காலத்து மெலிந்த முகம் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அதிகம்.

அப்புறம் தேதி. பதினாறாம் நாள் காரியத்துக்கா, முதல் வருஷத் திதிக்கா? பதினாறாம் நாளுக்கு என்றால் பென்சில் ஓவியம் மட்டும்தான் முடியும் என்று சொல்லிவிடுங்கள். எண்ணெய் வண்ணம் அதற்குள் காயாது.

ஐந்து பிள்ளைகள் இருந்தால் ஐந்து அப்பாக்கள் இருப்பார்கள். ஒருவர் மீசை அடர்த்தி என்பார், இன்னொருவர் அப்பாவுக்கு மீசையே இல்லை என்பார். அதனால் முடிவு சொல்ல ஒரே ஆள் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பாதிப் பணம் முன்பணம். பென்சில் கோட்டு நிலையில் படம் எடுத்து அனுப்பி, இரண்டு திருத்தம் வரை சும்மா, அதற்கு மேல் கட்டணம். வண்ணம் தொட்ட பிறகு முகத்தை மாற்ற முடியாது. இவ்வளவையும் பேசும்போது சொன்னால் போதாது, எழுத்தில் அனுப்புங்கள்.

முடிந்த படத்தை உங்கள் பக்கத்தில் போடுவதற்கு முன் குடும்பத்திடம் கேளுங்கள். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது அவர்கள் வீட்டுத் துக்கம்.

சொல்லி வரையச் சொன்ன படத்தின் பதிப்புரிமை யாருக்கு? வரைந்தவன் எனக்குத்தானே?

பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. ஒருவர் சொல்லி, அவருக்காக நீங்கள் வரைந்தால், பதிப்புரிமை வரையச் சொன்னவருக்கே மாறியதாகக் கருதப்படும். இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் அந்த ஒப்பந்தம் செல்லும்.

அதாவது, ஒரு உணவகம் உங்களைப் பால் மரக் காடு வரையச் சொல்லி 300 வெள்ளி கொடுத்தது, நீங்கள் எதையும் எழுதி வாங்கவில்லை என்றால், நாளைக்கு அந்தப் படத்தை மெனு அட்டையிலும் சட்டையிலும் பையிலும் அவர்கள் போடலாம். உங்களால் ஒரு அஞ்சலட்டை கூட அச்சடிக்க முடியாமல் போகலாம்.

முன்பணம் வாங்குவதற்கு முன் ஒரு செய்தி அனுப்பினால் போதும். நான் அனுப்புவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "இந்த ஓவியத்தின் அசல் உங்களுடையது. வீட்டில், கடையில் மாட்டிக்கொள்ளலாம். பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும். அச்சடிக்கவோ வேறு பொருளில் பயன்படுத்தவோ தனி ஒப்பந்தம் வேண்டும். சம்மதம் என்றால் 'சம்மதம்' என்று பதில் அனுப்பவும்." பதில் வந்ததும் அதைப் படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பெரிய தொகை என்றால் தாளில் கையெழுத்தே வாங்குங்கள். உரிமையையும் சேர்த்துக் கேட்டால் கொடுக்கலாம், ஆனால் அதற்கு விலை தனி.

நீங்களாக வரைந்து பிறகு விற்ற படத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அசலை விற்றாலும் பதிப்புரிமை உங்களிடமே நிற்கும். எழுத்தில் மாற்றிக்கொடுத்தால்தான் போகும்.

என் படத்தை யாரோ எடுத்துச் சட்டையில் அச்சடித்து விற்கிறார்கள். பதிவு செய்யாமல் விட்டுவிட்டேனே?

பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. வரைந்த நிமிஷமே உண்டு, உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 50 ஆண்டுக்கும். மலேசியா 1990இல் பதிப்புரிமைக்கான பெர்ன் பன்னாட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்ததால் மற்ற உறுப்பு நாடுகளிலும் பாதுகாப்பு உண்டு. விரும்பினால் மைஐபிஓ எனும் அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தில் தன்விருப்ப அறிவிப்புப் பதிந்துகொள்ளலாம். இந்த வசதி 2012இல் வந்தது. வழக்கு என்று போனால் அது சாட்சியாக நிற்கும்.

முதலில் செய்யவேண்டியது சத்தம் போடுவது அல்ல. அவர்கள் விற்கும் பக்கத்தைத் தேதியோடு படம் எடுங்கள். உங்கள் பென்சில் கோடு, பாதி முடிந்த நிலை, மூலக் கோப்பு எல்லாவற்றையும் சேருங்கள். பிறகு தளத்தில் இருக்கும் அறிவுசார் சொத்துப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். முகநூலில் திட்டி எழுதினால் அவர்கள் பக்கம் உடனே மறைந்துவிடும், அதோடு ஆதாரமும் போய்விடும்.

இணையத்தில் போடும் படத்தின் நீளப்பக்கம் 1,200 பிக்சலுக்கு மேல் வேண்டாம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அச்சுத் தரத்தில் அது பத்து சென்டிமீட்டர்தான் வரும். பெரிதாக்கினால் மங்கும்.

நடிகர் படம், சாமி படம் வரைந்து விற்கலாமா?

சினிமாப் படத்திலிருந்து ஒரு காட்சியைப் பார்த்து அப்படியே வரைந்தால் அந்தக் காட்சிக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார். எல்லாரும் செய்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது.

சாமி யாருக்கும் சொந்தமில்லை, சாமி படம் வரைந்தவருக்குச் சொந்தம். ராஜா ரவி வர்மா 1906இல் மறைந்தார், அவர் ஓவியங்களுக்கு உரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அவருடைய சரஸ்வதியையும் லட்சுமியையும் பார்த்து வரையலாம். நாள்காட்டிச் சாமி படங்கள் வரைந்த கோவில்பட்டி கொண்டையா ராஜு 1976இல்தான் மறைந்தார். இந்தியச் சட்டத்தில் இறந்த பிறகு 60 ஆண்டு. ஆகவே நாள்காட்டிச் சாமி படம் எல்லாமே பொதுச்சொத்து என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இதைவிட நல்ல வழி இருக்கிறது. தோட்டத்து எல்லையில் நிற்கும் முனியாண்டியைப் போய்ப் பார்த்து வரையுங்கள். அந்த முனியாண்டி வேறு எந்த நாள்காட்டியிலும் இல்லை. கோயில் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரையுங்கள்.

படத்தை எப்படிப் புகைப்படம் எடுப்பது?

வீட்டுக்குள் விளக்கில் எடுக்காதீர்கள், வெள்ளை மஞ்சளாகிவிடும். காலை ஒன்பது பத்து மணிக்கு, வெயில் நேராகப் படாத அஞ்சடியிலோ (முன்தாழ்வாரம்) வாசலிலோ சுவரில் சாய்த்து வையுங்கள். கைப்பேசியைப் படத்தின் நடுப்புள்ளிக்கு நேராகப் பிடியுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு நெருக்கி எடுத்தால் ஓரங்கள் வளையாது. ஒன்று முழுப்படம், ஒன்று தூரிகைக் கோடு தெரியும் அளவுக்குக் கிட்டே, ஒன்று நாற்காலிக்குப் பக்கத்தில். நாற்காலி எதற்கு என்றால், சென்டிமீட்டர் சொன்னால் பலருக்கு அளவு புரிவதில்லை.

அச்சுப்பிரதி விற்கலாமா?

அசல் 280 வெள்ளி என்றால் எல்லாராலும் வாங்க முடியாது, பிரதி 45 என்றால் வாங்குவார்கள். ஏ3 அச்சுக்கு 3,508க்கு 4,961 பிக்சல் கோப்பு வேண்டும். ஈப்போவில் நிறமி மை வைத்து அச்சடிக்கும் கடையைத் தேடுங்கள், சாதாரண மை நம் வெளிச்சத்தில் சீக்கிரம் வெளுக்கும். "50 பிரதி மட்டும்" என்று எண் போட்டு விற்றால் ஐம்பத்தொன்றாவது பிரதி இருக்கக்கூடாது, அளவை மாற்றி அச்சடிப்பதும் ஏமாற்றுதான். விளம்பரத்தில் அச்சுப்பிரதி என்ற சொல் பெரிதாக இருக்கட்டும்.

எப்படிக் கட்டி அனுப்புவது?

மரச்சட்டம் போட்டு அனுப்பாதீர்கள். கண்ணாடியோடு அனுப்பவே அனுப்பாதீர்கள்.

காரணம் உடைவது மட்டும் அல்ல. கூரியர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கிறார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கிப் பெரும்பாலும் 5,000ஆல் வகுப்பார்கள். சட்டம் போட்ட படம் 60க்கு 45க்கு 8 என்ற பெட்டியில் போனால் 4.32 கிலோவுக்குப் பணம் கட்ட வேண்டும், உண்மை எடை இரண்டு கிலோவாக இருந்தாலும். அதே படத்தைச் சுருட்டி 8 சென்டிமீட்டர் குறுக்களவு, 45 நீளமுள்ள குழாயில் போட்டால் 0.58 கிலோ.

குழாய்க்கு இரும்புச் சாமான் கடையில் விற்கும் பிவிசி குழாய் போதும், இரண்டு பக்கமும் மூடி. தாள் ஓவியத்தின் முகத்தில் எண்ணெய் ஒட்டாத மெல்லிய தாளை வைத்துச் சுருட்டுங்கள். அக்ரிலிக் கேன்வாஸ் என்றால் வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி சுருட்டவேண்டும், உள்பக்கம் வைத்தால் வண்ணம் நசுங்கி வெடிக்கும். கத்தியால் தடிமனாகப் பூசிய படத்தைச் சுருட்டவே கூடாது, அட்டைகளுக்கு நடுவே தட்டையாகத்தான் அனுப்பவேண்டும். ஏ4 தாளும் தட்டையாகப் போகலாம்.

நம் ஊரில் பெரிய எதிரி ஈரம். மழைக்காலத்தில் தாள் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும், அப்படியே பிளாஸ்டிக்கில் மூடினால் போய்ச் சேரும்போது பூஞ்சைப் புள்ளி இருக்கும். நன்றாகக் காய்ந்த நாளில் கட்டுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்று போடுங்கள். வீட்டில் வைத்திருக்கும் படங்களைச் சுவரோடு ஒட்டி, சமையல்கட்டுப் பக்கம் அடுக்காதீர்கள்.

வெளிநாட்டுக்கு என்றால் சுங்கப் படிவத்தில் கையால் வரைந்த அசல் ஓவியம் என்று தெளிவாக எழுதி உண்மை விலையைப் போடுங்கள். வாங்குபவர் விலையைக் குறைத்து எழுதச் சொல்வார். தொலைந்தால் அந்தக் குறைந்த தொகைதான் இழப்பீடு. சிங்கப்பூரில் 400 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் என்றால் 9 விழுக்காடு ஜிஎஸ்டி வாங்குபவர் கட்ட நேரலாம். அமெரிக்கா 800 டாலருக்கு உட்பட்ட பொட்டலங்களுக்குக் கொடுத்திருந்த வரிச் சலுகையை 2025 ஆகஸ்ட் 29இல் நிறுத்திவிட்டது. அங்கே அனுப்பும்போது தபால் நிலையத்தில் அன்றைய நிலவரம் கேளுங்கள்.

எஸ்எஸ்எம்மில் (மலேசிய நிறுவனங்கள் ஆணையம்) பதியவேண்டுமா? நான் எப்போதாவதுதான் விற்கிறேன்.

எப்போதாவது ஒரு படம் கைமாறுவது வேறு. பக்கம் திறந்து, விலை போட்டு, தொடர்ந்து விற்கிறீர்கள் என்றால் அது வியாபாரம். 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி தொடங்கி 30 நாளுக்குள் பதியவேண்டும். அடையாள அட்டையில் இருக்கிற உங்கள் பெயரிலேயே என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, தனிப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. எஸ்எஸ்எம்மின் ஈசிபிஸ் இணையத்தளத்திலேயே முடித்துவிடலாம். வயது 18 ஆகியிருக்கவேண்டும். பள்ளிப் பிள்ளை வரைகிறது என்றால் அம்மா பெயரில் பதியட்டும்.

பதிவு எண் இருந்தால் வங்கியில் வியாபாரக் கணக்கு திறக்கலாம், கைப்பேசி வழியாகப் பணம் வாங்கும் டூயிட்நவ் கியூஆர் வாங்கலாம், சிறுதொழில் கடன் தரும் அரசு அமைப்பான தெக்குன் இந்தியர்களுக்கென வைத்திருக்கும் ஸ்புமி கடனுக்கும் மனுச் செய்யலாம். கடனைப் பற்றி என் கருத்து: விற்பனை தொடங்குவதற்கு முன் விலையுயர்ந்த டேப்லெட் வாங்கக் கடன் எடுக்காதீர்கள்.

பக்கத்தில் உங்கள் பெயர், பதிவு எண், தொடர்பு, மொத்த விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதெல்லாம் தெரியும்படி இருக்கவேண்டும். இணையத்தில் விற்பவர்கள் இவற்றைச் சொல்லவேண்டும் என்று பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன.

வருமான வரி?

வியாபார வருமானம் இருந்தால் சம்பளக்காரர்களின் பிஇ பாரத்துக்குப் பதில் வியாபாரிகளின் பி பாரம், கெடு ஜூன் 30. வரி கட்டும் அளவுக்கு வருமானம் வராவிட்டாலும் ரசீதுகளை ஏழு ஆண்டு வையுங்கள், வண்ணம் தாள் வாங்கியது உட்பட. சம்பளம் இல்லாதவர்கள் ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பின் ஐ-சாரான் சேமிப்புத் திட்டத்தையும் பாருங்கள். நீங்கள் போடுவதோடு அரசாங்கம் ஆண்டுக்கு 500 வெள்ளி வரை சேர்க்கிறது.

வெளிநாட்டிலிருந்து ஒருவர் மூன்று படத்தை ஒரேயடியாக வாங்குகிறேன் என்கிறார். நம்பலாமா?

"மனைவிக்குப் பிறந்தநாள் பரிசு, உங்கள் படங்கள் அவளுக்குப் பிடித்திருக்கிறது" என்று தொடங்கி, எந்தப் படம் என்று சொல்லாமல், விலை பேசாமல், காசோலை அனுப்புகிறேன் என்றால் மோசடி. தொகையைக் கூட்டி அனுப்புவார், மீதியை ஏற்றுமதி ஆளுக்குக் கட்டச் சொல்வார். காசோலை பிறகு திரும்பிவரும், நீங்கள் கட்டிய பணம் வராது.

உள்ளூரில் நடப்பது போலி ரசீது. பணம் போட்டாயிற்று என்று படம் வரும். வங்கிச் செயலியைத் திறந்து, கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு பொட்டலத்தைக் கொடுங்கள். மாதிரிப் படம் என்று ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை ஏற்றும் கோப்பு) அனுப்பினால் திறக்காதீர்கள். நீங்கள் பணம் கட்டவேண்டிய கணக்கு எண் சந்தேகமாக இருந்தால் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் தேடலாம். பணம் போய்விட்டது என்றால் உடனே மோசடிப் புகார் எண்ணான 997க்கு அழையுங்கள், பிறகு போலீஸ் புகார்.

ஏஐயில் (செயற்கை நுண்ணறிவில்) படம் போட்டு விற்கலாமா? என்எஃப்டி எனும் டிஜிட்டல் உரிமைச் சீட்டாக விற்கலாமா?

என்எஃப்டி வேண்டாம். ஏஐ படத்தைக் கையால் வரைந்தது என்று விற்பது பொய். அதைவிட, அதில் பால் மரம் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

படம் சேதமாகிப் போய்ச் சேர்ந்தால், அல்லது பிடிக்கவில்லை என்று திருப்பினால்?

சேதம் என்றால் பெட்டியோடு படம் எடுத்து இரண்டு நாளுக்குள் அனுப்பச் சொல்லுங்கள். கட்டும்போது நீங்களும் ஒரு சிறு காணொளி எடுத்து வைத்திருக்கவேண்டும், கூரியர் இழப்பீட்டுக்கு அது தேவைப்படும். இழப்பீடு வருமுன்பே வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பிவிடுங்கள், அவரைக் கூரியரோடு அலையவிடாதீர்கள்.

பிடிக்கவில்லை என்றால், ஏற்கனவே வரைந்து வைத்த படத்தை ஏழு நாளுக்குள் நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், திருப்பி அனுப்பும் செலவு அவருடையது. சொல்லி வரைந்த முகத்துக்குத் திருப்பல் கிடையாது. பென்சில் கோட்டிலேயே அவர் சம்மதம் சொல்லிவிட்டார். இந்த இரண்டு வரியையும் விலைக்குப் பக்கத்திலேயே போட்டுவையுங்கள்.